கேள்வி கேட்கும் நாற்காலியில் ஆளுங்கட்சி

1997 மே 1, பிரிட்டன் பொதுத்தேர்தல். பொழுது விடியும் முன்பே வடக்கு லண்டனின் என்ஃபீல்ட் சவுத்கேட் தொகுதி முடிவு வந்துவிட்டது. கன்சர்வேடிவ் கட்சியின் அடுத்த தலைவர் என்று பேசப்பட்ட பாதுகாப்புத் துறை அமைச்சர் 1,433 வாக்குகளில் தோற்றார். முந்தைய தேர்தலில் பதினைந்தாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதி அது. "அந்த முடிவு வந்தபோது விழித்திருந்தாயா?" என்று ஒருவரையொருவர் கேட்பது பிறகு அங்கே ஒரு வழக்கமாகவே ஆனது.

1999 இடைத்தேர்தலில் அவர் நாடாளுமன்றத்துக்குத் திரும்பி வந்தார். 2001இல் கட்சித் தலைமைப் போட்டியில் ஒரே ஒரு வாக்கில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். 2005இல் நாடாளுமன்றத்தை விட்டே விலகினார். 2010 முதல் டிவியில் ரயில் பயணி! கண்ணைப் பறிக்கும் நிறத்தில் கோட்டு, கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரயில் வழிகாட்டி நூல். மூடுவிழாவுக்குக் காத்திருந்த செட்டில்-கார்லைல் ரயில் பாதை 1989இல் தப்பிப் பிழைத்தபோது போக்குவரத்துத் துறை இணையமைச்சராக இருந்தவர் இவர்தான். அமைச்சராகக் காப்பாற்றிய பாதையில் தொகுப்பாளராகவும் போய்வந்தார். ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த தலைவரிக்காக அவர் வரிந்துகட்டிப் பேசிய காலம் இன்றைய ரசிகர்கள் பலருக்குத் தெரியாது. போகட்டும், அரசியலை முடித்துக்கொண்டு வந்தவர். அவரிடம் எனக்குக் குறையில்லை.

பதவியில் இருந்துகொண்டே மைக்கைப் பிடிப்பவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. 2023 மார்ச்சில், பட்ஜெட்டுக்குச் சில நாட்கள் முன்பு, கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் இருவர் ஒரு செய்தி சேனலில் தங்கள் கட்சி நிதியமைச்சரையே பேட்டி எடுத்தார்கள். மாற்றுக் கருத்துக்குப் போதிய இடமில்லை, நடுநிலை விதி மீறப்பட்டது என்று ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு செப்டம்பரில் தீர்ப்பு சொன்னது. அதற்குள் பட்ஜெட் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

எந்தக் கட்சிக்காரர் என்று நேயருக்குத் தெரியும், இதில் ஒளிவுமறைவு இல்லை என்று ஆதரிப்போரும் உண்டு. ஆனால் தேர்தலில் சீட்டு, நாளை மந்திரி பதவி எல்லாவற்றுக்கும் கட்சித் தலைமையை நம்பியிருப்பவர், அமைச்சர் மழுப்பும்போது விடாமல் இரண்டாவது கேள்வி கேட்பாரா?

தக்க காரணமின்றி அரசியல்வாதி செய்தி வாசிக்கவோ, செய்தியில் பேட்டி எடுக்கவோ கூடாது என்று பிரிட்டனில் விதி இருக்கிறது. 'நடப்பு விவகாரம்' என்று பெயரை மாற்றினால் அது பொருந்தாது. ஸ்டுடியோ அதே, மேசை அதே, திரையின் அடியில் தலைப்புச் செய்தி ஓடுவதும் அதே. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் எதை வைத்துப் பிரித்தறிவார்? எம்.பி. பதவியில் இருக்கும்வரை தொகுப்பாளர் வேலை கூடாது என்று அங்கே சட்டமே வர வேண்டும்.