ஊருக்கு வரும் உறவுகளே, டெங்குவை மறந்துவிடாதீர்கள்

கடந்த ஆகஸ்ட் விடுமுறைக்கு நாநாவின் குடும்பம் இங்கிலாந்திலிருந்து அக்குறணைக்கு வந்திருந்தது. பயணத்துக்கு முன் வைத்தியரிடம் ஆலோசனை கேட்டீர்களா என்றேன். "உம்மா வீட்டுக்கு வர வைத்தியர் எதற்கு? நான் இந்த ஊரில் பிறந்தவன்" என்று சிரித்தார்.

இரண்டாவது வாரம் அவருடைய ஒன்பது வயது மகனுக்குக் கடும் காய்ச்சல். மதினி தான் கொண்டுவந்திருந்த ஐபுப்ரோஃபென் பாணி மருந்தை எடுத்தார். நல்லவேளை, கொடுக்குமுன் தடுத்துவிட்டோம். இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. ஐந்து நாட்கள் வைத்தியசாலையில் இருந்து, அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை சுகமாகி வந்தான்.

நாநாவைப் போல நினைப்பவர்கள் பலர். உல்லாசப் பயணி விசாரித்துக்கொண்டு வருகிறார். நம்மவர் சொந்த ஊர்தானே என்று வந்துவிடுகிறார். ஆனால் இங்கே பிறந்தது டெங்குவுக்குப் பாதுகாப்பல்ல. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே நீடித்த எதிர்ப்புச் சக்தி கிடைக்கும். இரண்டாவது முறை வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

இலங்கை மலேரியா அற்ற நாடு என 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. டெங்கு அப்படியல்ல. 2017இல் மட்டும் நாட்டில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். கண்டி மாவட்டமும் அடிக்கடி பாதிக்கப்படும் ஒன்று. இரு பருவமழைகளையும் ஒட்டி நோய் கூடுகிறது. வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறைகளும் ஏறத்தாழ அந்தக் காலங்களில்தான் வருகின்றன.

டெங்கு நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிக்கும். பிள்ளைகளுக்கு நீண்ட கை உடுப்பும் நுளம்பு விரட்டி கிறீமும் அவசியம். காய்ச்சல் வந்தால் உரிய அளவில் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், ஐபுப்ரோஃபென் இரத்தப்போக்கை அதிகரிக்கலாம். காய்ச்சல் தணிந்ததும் சுகம் என்று நினைக்காதீர்கள். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக்கசிவு, சோர்வு கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். திரும்பிப் போன பின் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், இலங்கைக்குப் போய்வந்ததை அங்குள்ள வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. நாநா வருகிறார் என்று சுவருக்குப் பெயின்ட் அடித்தோம், புதுத் திரைச்சீலை போட்டோம். மகன் வைத்தியசாலையில் இருந்தபோது வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் கூரைப் பீலியைப் பார்க்கச் சொன்னார். அழுகிய இலைகளுக்கிடையே தண்ணீர் தேங்கி, நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. விருந்தாளி வருமுன் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான்.