கடை போர்டுக்கு பெயிண்ட் அடிச்சீங்க... வெப்சைட்டை கடைசியா எப்போ பார்த்தீங்க?



நம்ம சேனலில் எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், தங்கம் என்று எவ்வளவோ பேசியிருக்கிறோம். ஆனால் சொந்தத் தொழில் செய்யும் ஒருவருக்கு மிகப்பெரிய முதலீடு மியூச்சுவல் ஃபண்டில் இல்லை, அவருடைய கடையில்தான் இருக்கிறது. அந்தக் கடையின் பெயரும் ஒரு சொத்துதான். அந்தச் சொத்தை எப்படி கவனிக்காமல் விடுகிறோம், கவனித்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் இந்தப் பதிவு.

என் நண்பர் ஒருவர் ஈரோடு பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறார். மூணு வருஷத்துக்கு முன்னால் 35,000 ரூபாய் கொடுத்து ஒரு வெப்சைட் போட்டார். பாட்டில் லேபிள், டின், விசிட்டிங் கார்டு, கடை போர்டு எல்லாவற்றிலும் அந்த முகவரியை அச்சடித்தார். அதோடு சரி, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது பழைய கஸ்டமர் ஒருத்தர் போன் செய்திருக்கிறார். "ஏனுங்க, உங்க சைட்டுல ஏதோ லோன் விளம்பரம் வருதுங்களே, கடைய மூடிட்டீங்களா?"

பலகாரம் சுடும் சீசன். எண்ணெய்க் கடைக்காரருக்கு வருஷத்தில் அதைவிட முக்கியமான நேரம் கிடையாது. அந்த நேரத்தில் கடையை மூடிட்டீங்களா என்று கேட்டால் எப்படி இருக்கும்?

விசாரித்தால் விஷயம் ரொம்ப சின்னது. சைட் செய்து கொடுத்த பையன், டொமைனைத் தன்னுடைய இமெயிலில், தன்னுடைய பெயரிலேயே வாங்கியிருந்தான். ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை, அப்போதைக்கு அது வசதியாக இருந்திருக்கிறது. பிறகு அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான், நம்பரையும் மாற்றிவிட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் எல்லாம் அவன் பார்க்காத பெட்டியில் கிடந்தது. எங்கெங்கோ விசாரித்து அவனைப் பிடித்து, புதுப்பிக்கும் கட்டணத்தைப் போல பத்து மடங்குக்குப் பக்கம் பணம் கட்டித்தான் பெயரை மீட்டோம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அதுவும் நடந்திருக்காது.

ஏன் என்று சொல்கிறேன். டாட் காம் முகவரி காலாவதியானதும் உடனே போய்விடாது. பெரும்பாலான கம்பெனிகள் சில வாரம் அவகாசம் தருவார்கள், அதிகபட்சம் 45 நாள். அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம், இதில்தான் பெரிய அபராதம். அதுவும் முடிந்தால் 5 நாள் கழித்து பெயர் சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். உங்கள் லேபிளில் அச்சடித்த முகவரியில் நாளைக்கு இன்னொரு எண்ணெய்க் கடை திறந்தால், நீங்கள் போய் சண்டை போட முடியுமே தவிர, எளிதில் திரும்ப வாங்க முடியாது.

முதலில் சாவி யார்கிட்ட இருக்குன்னு பாருங்க

சைட்டின் கலரை மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். டொமைன், ஹோஸ்டிங், கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் மூன்றும் உங்கள் சொந்த இமெயிலில், உங்கள் போனுக்கு ஓடிபி வருகிற மாதிரி இருக்கிறதா? டிசைனருக்கு வேலை செய்ய அனுமதி மட்டும் கொடுங்கள், உரிமையைக் கொடுக்காதீர்கள். வீட்டுப் பத்திரத்தை கொத்தனார் பெயரில் யாராவது எழுதுவோமா?

சிலர் கேட்பீர்கள்: "இன்ஸ்டாகிராம் இருக்கே, வாட்ஸ்அப் கேட்டலாக் இருக்கே, சைட் எதுக்கு?" நியாயமான கேள்வி. அதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் வாடகை இடம். 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக்கையும் சேர்த்து 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டபோது, அதை மட்டுமே நம்பி வியாபாரம் செய்தவர்கள் ஒரே ராத்திரியில் கஸ்டமர்களை இழந்தார்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாது: கூகுளே சிறு கடைகளுக்கு இலவசமாக வெப்சைட் கொடுத்துக்கொண்டிருந்தது. 2024 மார்ச்சில் அந்த சேவையை நிறுத்திவிட்டது. ஓசியில் கிடைத்தது ஓசியிலேயே போய்விட்டது. சொந்த டொமைனும் சாதாரண ஹோஸ்டிங்கும் சேர்த்து வருஷத்துக்கு நாலைந்தாயிரம் ரூபாயில் முடிந்துவிடும். நாள் கணக்கில் பார்த்தால் ஒரு டீச் செலவுதான்.

முதல் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா?

சாவியை வாங்கிய பிறகு நண்பரும் நானும் உட்கார்ந்து சைட்டைத் திறந்தோம். மேலே பெரிய எழுத்தில் "வெல்கம் டு அவர் வெப்சைட்" என்று ஆங்கிலத்தில். கீழே இன்டர்நெட்டில் எடுத்த வெளிநாட்டு ஆலிவ் ஆயில் பாட்டில் படம். இவர் விற்பது கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய்! ஊர் பெயர் எங்கேயுமே இல்லை. விலைப்பட்டியல் ஒரு போட்டோவாக இருந்தது, அதிலும் விலை இரண்டு வருஷம் பழசு.

இதையெல்லாம் மாற்ற டிசைனர் தேவைப்படவில்லை. காலை ஏழு மணிக்கு செக்கு ஓடும்போது அவருடைய போனிலேயே நாலு படம் எடுத்தோம். வாகை மர உரல், கையில் பிண்ணாக்கு, வெயிலில் காயும் கடலை. முதல் வரியில் என்ன விற்கிறோம், எந்த ஊர், எந்த நம்பருக்கு கூப்பிடணும் என்ற மூன்றையும் தமிழில் எழுதினோம். விலையை எழுத்தாகவே போட்டு, எந்தத் தேதியின் விலை என்றும் குறித்தோம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி கூகுள் தேடலில் மேலே வர முடியாது.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும். அப்படியே ஏற்றினால் சைட் ஊர்ந்துதான் திறக்கும். சுருக்கி ஏற்றுங்கள், 200 கேபி போதும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசப் பக்கத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் அதுவே சொல்லிவிடும்.

எழுதுவதற்கு விஷயம் எங்கே இருக்கு?

சைட்டில் கட்டுரைகள் பகுதி என்று ஒன்று இருந்தது. "கடலை எண்ணெயின் 10 நன்மைகள்" மாதிரி ஏழெட்டு, எல்லாம் எங்கிருந்தோ காப்பி. ஒன்றில் இந்த எண்ணெய் சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும் என்றே இருந்தது. எனக்கு பகீர் என்றது. உணவுப் பொருளுக்கு நோய் தீரும் என்று விளம்பரம் செய்யக்கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. அத்தனையையும் அழித்தோம்.

அப்புறம் என்ன எழுதுவது? நண்பரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் கஸ்டமர் போனில் கேட்கிற கேள்வியை எல்லாம் அப்படியே எழுதச் சொன்னேன். வந்த கேள்விகள்: அடியில் வண்டல் தங்குதே, கெட்டுப்போச்சா? பொரிக்கும்போது ஏன் நுரைக்குது? நல்லெண்ணெயில் ஏன் கருப்பட்டி போடறீங்க? எல்லாவற்றையும் விட அதிகம் வந்தது ஒரே கேள்விதான். "பக்கத்துக் கடையில டின்னு கம்மியா தர்றாங்களே, உங்ககிட்ட மட்டும் ஏன் அதிகம்?"

இங்கேதான் பணம் ஒளிந்திருந்தது. நண்பர் விற்பது 15 கிலோ டின். பக்கத்தில் விற்பது 15 லிட்டர் டின். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். அப்படியென்றால் 15 லிட்டர் டின்னில் இருப்பது சுமார் 13.65 கிலோ. நண்பரின் டின்னில் 16.5 லிட்டருக்குப் பக்கம் இருக்கிறது. ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, விலை அதிகம் என்ற கெட்ட பெயரையும் இவரே வாங்கிக்கொண்டிருந்தார்! இத்தனை வருஷமாக இதை யாருக்கும் விளக்கவே இல்லை. இதுதான் முதல் கட்டுரை. தலைப்பே "15 கிலோ டின்னில் எத்தனை லிட்டர்?" என்றுதான் வைத்தோம்.

இரண்டாவது, செலவுக் கணக்கு. செக்கில் ஒரு லிட்டர் எடுக்க இரண்டே கால் முதல் இரண்டரை கிலோ கடலைப் பருப்பு வேண்டும். உதாரணத்துக்கு பருப்பு கிலோ 130 ரூபாய் என்றால் இரண்டரை கிலோவுக்கு 325 ரூபாய். மிச்சமாகும் ஒன்றரை கிலோ பிண்ணாக்கை 40 ரூபாய்க்கு விற்றால் 60 ரூபாய் திரும்ப வரும். மீதி 265. இதற்கு மேல் ஆட்டுக்கூலி, பாட்டில், கரண்ட். இந்தக் கணக்கை வெளியில் சொல்வதா என்று நண்பர் ரொம்ப யோசித்தார். "நம்ம லாபம் எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே" என்றார். நான் சொன்னேன்: "அண்ணா, லாபம் தெரியறதுல தப்பில்ல. இதைவிடக் குறைந்த விலைக்கு எப்படி செக்கு எண்ணெய் கொடுக்க முடியும்னு கஸ்டமரே மத்த கடையில கேட்கட்டும்."

இப்போது அவருடைய சைட்டுக்கு கூகுள் வழியாக வருகிறவர்கள் அதிகம் திறப்பது அந்த டின் கணக்குப் பக்கத்தைத்தான். சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில், எந்த வார்த்தையைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்று நாமே பார்க்கலாம். மாசம் ஒருமுறை பார்த்தால் போதும், அடுத்து என்ன எழுதணும் என்று தெரிந்துவிடும். மாசம் பதினைந்தாயிரம் கொடுங்க, கூகுளில் முதல் இடம் கேரண்டி என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். முதல் இடத்துக்கு யாராலும் கேரண்டி கொடுக்க முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

ஆர்டர் பட்டன் வைப்பதற்கு முன்

நண்பர் இன்னும் ஆன்லைன் ஆர்டர் ஆரம்பிக்கவில்லை. வைக்கப்போகிறவர்கள் மூன்று செலவைக் கணக்கில் எடுங்கள். பேமென்ட் கேட்வே பொதுவாக 2 சதவீதம் பிடிப்பார்கள், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய் ஆர்டரில் 23 ரூபாய் 60 காசு போய்விடும். அடுத்து, பெங்களூருக்கு ஒரு பாட்டில் அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை. விற்றுமுதல் வரம்புக்குள் இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகிவிடும். இதை ஆடிட்டரிடம் கேட்காமல் பட்டனை வைக்காதீர்கள். மூன்றாவது செலவு உங்கள் நேரம். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி தொழிலின் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர்ப்பு அலுவலர் விவரம் எல்லாம் சைட்டில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் பதில், ஒரு மாதத்தில் தீர்வு. உணவுப் பொருள் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணையும் தெரியும்படி போடுங்கள், வாங்குகிறவருக்கு அது ஒரு தைரியம்.

பெயருக்காக ஒரு செலவு செய்யச் சொன்னால் நான் டிரேட்மார்க்கைத்தான் சொல்வேன். தனிநபர், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும். பதிவாகிவிட்டால் 10 வருஷம் செல்லும், அதாவது வருஷத்துக்கு 450 ரூபாய். வக்கீல் ஃபீஸ் தனி. விண்ணப்பித்தவுடன் லேபிளில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்டுவிடாதீர்கள், பதிவான பிறகுதான் அது. அதுவரை 'டிஎம்' போதும்.

நண்பருக்கு கூரியர் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை, எண்ணெய் வழியும் என்று பயம். அதனால் சைட்டில் இப்போதைக்கு போன் நம்பரும் வாட்ஸ்அப்பும்தான். டொமைனை மட்டும் இந்த முறை ஐந்து வருஷத்துக்கு மொத்தமாகப் புதுப்பித்துவிட்டார், அதுவும் அவருடைய மனைவியின் இமெயிலையும் சேர்த்துக் கொடுத்து.

உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது? இன்னைக்கே பார்த்துவிட்டு கமெண்டில் சொல்லுங்க. சர்ச் கன்சோலை போனிலேயே எப்படி இணைப்பது என்று அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.