புது வெர்ஷன் வந்ததா?

சென்ற பொங்கல் விழாப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் ஒரு பெரியவர். இங்கே புனேயில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் 30 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி கம்ப்யூட்டர் கம்பெனியில் என்னவாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "எங்கள் கம்பெனி உபயோகிக்கும் மென்பொருள்களுக்குப் புது வெர்ஷன் வந்துவிட்டதா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. அதைப் பராமரிப்பதும் என் வேலை" என்றேன். "வந்ததா இல்லையா என்று பார்ப்பதற்கா? அதற்குச் சம்பளமும் தருகிறார்களா!" என்று அவர் சிரிக்க, எதிர்வரிசையும் சேர்ந்து சிரித்தது. பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஒரு மென்பொருளை யாரும் முதல் வரியிலிருந்து தாமே எழுதுவதில்லை. படத்தைச் சுருக்க ஒன்று, எழுத்துரு காட்ட ஒன்று, கோப்பை மூட்டை கட்ட ஒன்று என்று உலகில் யார் யாரோ எழுதி இலவசமாக வைத்திருக்கும் 'பேக்கேஜ்'களை எடுத்துச் சேர்த்துத்தான் கட்டுகிறோம். எங்களுடையதில் இப்படி 143 இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எழுதியவர் பிழை திருத்தி அவ்வப்போது புது வெர்ஷன் வெளியிடுவார். நமக்குத் தனியாகக் கடிதம் போட மாட்டார். நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். 143 வாசலுக்குத் தினமும் ஆள் போக முடியாது என்பதால் ஸ்கிரிப்ட் போகிறது. காலை 5 மணிக்குக் கிளம்பி ஒவ்வொரு தளத்திலும் இருக்கிற எண்ணைப் படித்து, நம்மிடம் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, எனக்கு ஒரு மெயில் அனுப்பும். டெபியன் போன்ற பெரிய லினக்ஸ் குழுக்களும் இதையேதான் செய்கின்றன. அங்கே பேக்கேஜுக்குப் பேக்கேஜ் 'வாட்ச்' என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும். எந்த முகவரியில் தேடுவது, எண் எந்த வடிவில் இருக்கும் என்று அதில் எழுதியிருப்பார்கள்.

ஒப்பிடுவதில் என்ன கஷ்டம் என்பீர்கள். 1.9, 1.10 இரண்டில் எது புதியது? பள்ளிக்கூடக் கணக்குப்படி 1.9 பெரியது. வெர்ஷன் கணக்குப்படி 1.10-தான் பிந்தியது, ஒன்பதுக்குப் பிறகு பத்து. புள்ளியில் உடைத்துத் துண்டு துண்டாக ஒப்பிட வேண்டும். சரி என்று அப்படி எழுதினால், '2.0 ஆர்.சி.1' என்று ஒன்று வரும். இது 2.0-க்கு முந்தைய வெள்ளோட்டம். பார்வைக்கு நீளமாக இருப்பதால் ஸ்கிரிப்ட் இதைப் பெரியது என்று நினைக்கும். டெபியன்காரர்கள் இதற்காகவே நடுவில் ~ என்ற குறியைப் போட்டு, அது இருந்தால் முந்தையது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

இன்னும் சிலர் 20190301 என்று தேதியையே எண்ணாக வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று 1.0 என்று ஆரம்பிப்பார்கள். சென்னையில் வீட்டு வாசலில் 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டு பலகை பார்த்திருப்பீர்களே, அந்தக் கதைதான். டொனால்ட் க்னூத் எழுதிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளோ இன்னும் விசேஷம். அதன் வெர்ஷன் ஒவ்வொரு முறையும் 'பை' எண்ணில் ஓர் இலக்கம் நீளும். 2021-ல் 3.141592653 ஆயிற்று. தம் காலத்துக்குப் பிறகு அதை 'பை' என்றே நிறுத்திவிட வேண்டும் என்று அவர் எழுதியிருக்கிறார். என் ஸ்கிரிப்ட் அதைச் சரியாகவே படிக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இவையெல்லாம் ரசித்துச் செய்கிற வேலை. நான் சொல்ல வந்தது வேறு.

2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்ற பேக்கேஜில் பெரிய ஓட்டை இருப்பது தெரியவந்து உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்காரர்கள் தூக்கம் இழந்தார்கள். 2.15.0 வந்தது, அது போதாதென்று 2.16.0, பிறகு 2.17.0, மாதக் கடைசியில் 2.17.1. நான்கையும் என் ஸ்கிரிப்ட் தவறாமல் அறிவித்தது. ஆபீஸில் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது. அதற்குப் பிறகு அதை நான் திறந்தே பார்க்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு தளம் தன் பக்கத்தின் அமைப்பை மாற்றிவிட்டது. ஸ்கிரிப்ட் தேடிய இடத்தில் எண்ணே இல்லை. எண் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நான் எழுதவில்லை. ஆகவே அது 'புதியது எதுவும் இல்லை' என்றே தினமும் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. 11 வாரம்! அதற்குள் அந்த பேக்கேஜுக்குப் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வந்துவிட்டிருந்தது. கண்டுபிடித்தது நான் அல்ல, வாடிக்கையாளரின் தணிக்கை ஆட்கள்.

என் மெயிலை நம்பி 'எல்லாம் நடப்பு வெர்ஷன்' என்று மாதாமாதம் கையெழுத்துப் போட்டு அனுப்பியவள் நாசிக்கிலிருந்து வந்த ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. விளக்கம் கேட்டு அவளுக்குத்தான் கடிதம் போனது. தவறு என்னுடையது என்று நான் மேலதிகாரிக்கு எழுதினேன். ஆனால் இரண்டு நாள் கழித்து எழுதினேன். அந்த இரண்டு நாளும் ஸ்கிரிப்டில் எங்கே பிழை என்று தேடியதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிழை பத்து நிமிடத்திலேயே கிடைத்துவிட்டது. என் கடிதம் போவதற்குள் அவளைக் கூப்பிட்டுப் பேச வேண்டியதைப் பேசி முடித்திருந்தார்கள். "பரவாயில்லை சார்" என்றாள். அந்த வருட மதிப்பீட்டில் அவளுக்கு மதிப்பெண் குறைந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: "ஏங்க, அத்தை தினம் ஏழு மணிக்கு மிஸ்டு கால் கொடுக்கிறாங்களே, எதுக்கு?" திருநெல்வேலியில் என் அம்மா தனியாக இருக்கிறாள். ஏழு மணிக்கு ஒரு மிஸ்டு கால் வந்தால் சௌக்கியம் என்று அர்த்தம். வராவிட்டால் ஏழேகாலுக்குப் பக்கத்து வீட்டுக்கு நான் போன் செய்வேன். போன் வராததைச் சௌக்கியம் என்று எடுத்துக்கொள்ளும் மகன் யாராவது உண்டா? ஸ்கிரிப்டில் நான் அதைத்தான் செய்து வைத்திருந்தேன்.

மறுநாளே மாற்றினேன். இப்போது மெயிலில் மூன்று கணக்கு வரும்: பார்த்தது, புதியது, பதில் கிடைக்காதது. மூன்றாவதில் ஒன்று இருந்தாலும் சிவப்பில் வரும். 5.30-க்குள் மெயிலே வராவிட்டால் வேறொரு கம்ப்யூட்டர் என்னை எழுப்பும்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்.இஸட்' பேக்கேஜுக்கு 5.6.0 வந்தது, மார்ச்சில் 5.6.1. ஸ்கிரிப்ட் இரண்டையும் சமர்த்தாக அறிவித்தது. நாங்கள் அதைவிடப் பழைய வரிசையில் இருந்தோம். அவசரம் ஒன்றும் இல்லாததால் தள்ளிப்போட்டோம். மார்ச் 29-ம் தேதி ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், அந்த இரண்டு வெர்ஷனிலும் திருட்டு வாசல் வைக்கப்பட்டிருப்பதாக உலகுக்கு அறிவித்தார். ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியிருக்கிறார்! பல வருடமாக நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்பாளராகவே உள்ளே வந்த ஒருவர் செய்த வேலை அது. ஓடி ஓடிப் புதுசு வாங்கியவர்கள் மாட்டிக்கொள்ள இருந்தார்கள். பழசை வைத்திருந்த நாங்கள் தப்பினோம். எங்கள் சாமர்த்தியம் அதில் எதுவும் இல்லை.

அன்றைக்கே அந்த நாசிக் பெண் என் மேஜைக்கு வந்து, "சார், வேண்டாத வெர்ஷன்களுக்கும் ஒரு பட்டியல் வைப்போமா?" என்றாள். வைத்தோம். அவளேதான் எழுதினாள். அதிலிருந்து, நான் ஒரு வரி மாற்றினாலும் அவள் படித்து ஒப்புதல் தந்த பிறகே அது ஏறும் என்று எங்களுக்குள் ஏற்பாடு. போன வாரம்கூட ஒன்றைத் திருப்பி அனுப்பினாள்: 'பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்று இதில் இல்லையே சார்?'

இன்று காலை மெயில்: பார்த்தது 143, புதியது 2, பதில் கிடைக்காதது 1. அந்த ஒன்று ஏதோ பழைய எழுத்துரு பேக்கேஜ். அதன் தளமே திறக்கவில்லை. எழுதியவர் வேறு முகவரிக்கு மாறினாரா, வேலையையே விட்டுவிட்டாரா என்று அவளும் நானும் தேடிக்கொண்டிருக்கிறோம்.