காக்பிட்டில் சிரிக்கலாமா?

வேலைக்குப் புதிதாக வந்த விமானப் பணிப்பெண்ணிடம் சீனியர் ஒருவர் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொடுப்பார். "கேபின் காற்றை இதுல பிடிச்சு, வாயைக் கட்டி கேப்டன்கிட்ட கொடுத்துடும்மா. டெஸ்டுக்கு அனுப்பணும்." அந்தப் பெண்ணும் பயணிகளுக்கு நடுவே பையை விரித்துப் பிடித்தபடி நடப்பார். கட்டிய பையோடு காக்பிட்டுக்குள் நுழைந்ததும் வெடிச்சிரிப்பு. விமான ஊழியர்களிடையே வெகுகாலமாக நடந்துவரும் குறும்பு இது.

விளையாட்டாகத் தெரிந்தாலும் இதற்கு ஒரு பயன் உண்டு. பெரிய நிறுவனங்களில் பயணத்துக்குப் பயணம் குழு மாறும். காலையில் அறிமுகமானவர்கள் மதியமே சேர்ந்து ஓர் ஆபத்தைச் சமாளிக்க நேரலாம். 1977இல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இருந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று, புறப்படத் தொடங்கிய விமானத்தின் காக்பிட்டில் இருந்த பொறியாளர் சந்தேகம் எழுப்பினார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் துணிச்சல் பயத்தில் வராது, பழக்கத்தில்தான் வரும். பழக்கத்தை உண்டாக்கச் சிரிப்பைவிட விரைவான வழி இல்லை.

ஆனால், அதே சிரிப்பு ஆளையும் கொல்லும். 1988 ஆகஸ்ட் 31, அமெரிக்காவின் டல்லஸ் விமான நிலையம். டெல்டா நிறுவனத்தின் போயிங் 727 புறப்படுவதற்காக வரிசையில் நிற்கிறது. காக்பிட்டுக்கு வந்த பணிப்பெண்ணோடு விமானிகள் கதையளக்கிறார்கள். ஒருவேளை விமானம் விழுந்துவிட்டால் பத்திரிகைக்காரர்களுக்குச் சுவையாக ஏதாவது கிடைக்கட்டும் என்று கறுப்புப் பெட்டியை வைத்தே கேலி செய்கிறார்கள். பிறகு சரிபார்ப்புப் பட்டியலை வாசிக்கிறார்கள். "ஃபிளாப்?" என்று பொறியாளர் கேட்க, "பதினைந்து, பதினைந்து, பச்சை விளக்கு" என்று துணை விமானி பதில் சொல்கிறார். ஃபிளாப்போ இறக்கப்படவே இல்லை!

இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் அந்தப் பட்டைகள் இல்லாவிட்டால், புறப்படும் வேகத்தில் விமானத்தைத் தூக்கும் விசை போதாது. எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. விமானத்தில் இருந்த 108 பேரில் 14 பேர் மாண்டார்கள். ஆயிரம் முறை சொன்ன பதிலை நாக்கு தானாகச் சொல்லிவிடும். மனம் வேறு பேச்சில் இருந்தால், கண் திரும்பிப் பார்க்காததுகூடத் தெரியாது.

இத்தனைக்கும் விதி ஏற்கெனவே இருந்தது. 1974இல் சார்லட் நகரில், அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டே மூடுபனியில் தரையிறங்க முயன்ற ஒரு விமானம் விழுந்து 70 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைப் போன்ற விபத்துகளைப் பார்த்துத்தான் 1981இல் அமெரிக்கா அந்த விதியைக் கொண்டுவந்தது. தரையில் ஓடும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது.

சம்பந்தமில்லாத பேச்சு என்பதுதான் முக்கியம், சிரிப்புக்குத் தடையில்லை. 1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட் 232 விமானத்தில் வால்பக்க எஞ்சின் சிதறி, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செத்துப்போயின. திருப்பவோ நிமிர்த்தவோ வழியில்லை. மிஞ்சிய இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் முக்கால் மணி நேரம் போராடினார்கள். பயணியாக வந்த விமானிகளுக்குப் பயிற்சி தரும் டென்னிஸ் ஃபிட்ச், முன்னால் வந்து அந்த விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைப் பிடித்தார். எல்லாம் முடிந்ததும் ஒரு பீர் குடிக்கலாம் என்றார் ஃபிட்ச். குடிப்பழக்கமே இல்லாத கேப்டன் ஆல் ஹேன்ஸ், அன்றைக்கு நிச்சயம் குடிப்பதாகச் சொன்னார். கடைசி நிமிடங்களில், அவர்கள் இறங்க முயன்ற சூ சிட்டி விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை, எந்த ஓடுபாதையில் வேண்டுமானாலும் இறங்கலாம் என்றது. ஓடுபாதையே வேண்டும் என்கிறீர்களா என்று சிரித்தார் ஹேன்ஸ். 10,000 அடிக்கு வெகு கீழே எழுந்த அந்தச் சிரிப்பு, ஒருவர் கவனத்தையும் ஓடுபாதையைவிட்டு நகர்த்தவில்லை.

விமானம் தரையில் மோதி உடைந்தது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். காக்பிட்டில் இருந்த நால்வரும் அவர்களில் உண்டு. பின்னர் அதே நிலைமையை சிமுலேட்டரில் உருவாக்கி விமானிகளை இறக்கிப் பார்க்கச் சொன்னார்கள். ஒருவராலும் விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்க முடியவில்லை.