அடிபம்பின் தலைக்குள் ஒரு சங்கிலி

ஊர்ப் பொது அடிபம்பின் தலையில் ஒரு மூடி உண்டு. போல்ட்டைக் கழற்றித் திறந்தால் உள்ளே ஒரு சங்கிலி தெரியும், மோட்டார் சைக்கிளில் ஓடுகிற ஜாதி. கைப்பிடியின் உள்முனையில் கால்வட்டமாக ஓர் இரும்புத் துண்டு. சங்கிலி அதன் விளிம்பில் படிந்து இறங்கி, துளைக்குள் போகும் கம்பியைப் பிடித்திருக்கும். இந்தியா மார்க் 2 என்று பெயர் பெற்று, லட்சக்கணக்கில் வார்க்கப்பட்டு, ஆப்பிரிக்கா வரை போய்ச் சேர்ந்த பம்பின் சூட்சுமம் இந்தச் சங்கிலிதான்.

1966-67இல் பீகாரில் கடும் வறட்சி. அந்தக் காலத்தை ஒட்டி, கடும்பாறையைத் துளைக்கும் காற்றழுத்த ரிக் வண்டிகளை யூனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கையால் வெட்டினால் மாதக்கணக்கில் இழுக்கும் வேலை சட்டென்று முடிந்தது. ஆனால் துளைகளின் மேல் பொருத்தியதோ வார்ப்பிரும்புப் பம்புகள். மேலைநாட்டுப் பண்ணை வீடுகளில் ஒரு குடும்பத்துக்குத் தண்ணீர் இறைக்க உருவானவற்றின் நகல்கள். இங்கே ஊரே குடத்தோடு வரிசையில் நின்றது. 1974இல் யூனிசெஃப் கணக்கெடுத்தபோது, நான்கில் மூன்று பம்புகள் ஓடவில்லை. ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அப்படிச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். பம்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது வேறு.

உறிஞ்சி இழுக்கும் பம்பால் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்ற முடியாது. உண்மையில் நாம் இழுப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது, அதன் பலம் அவ்வளவுதான். ஆழத்தில் இருக்கும் தண்ணீருக்கு, உருளையையே தண்ணீருக்குள் இறக்கி, அதனுள் உள்ள பிஸ்டனை மேலிருந்து ஒரு நீண்ட கம்பியால் தூக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். கைப்பிடியின் முனை வட்டப் பாதையில் ஆடும். கம்பியோ நேர்கோட்டில் மட்டுமே போக முடியும். பழைய பம்புகளில் இந்த முரண்பாடு முழுவதும் ஒரு பின்மீது விழுந்தது. ஓட்டை அகலும், பின் தேயும், கைப்பிடி ஆடும், ஒருநாள் உடையும்.

மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிணற்று வேலை செய்துவந்த தொண்டு அமைப்புகளின் பட்டறைகள் இதற்கு விடை கண்டிருந்தன. வார்ப்பிரும்பைத் தள்ளிவிட்டு எஃகு; தேயும் பின்னுக்குப் பதில் பேரிங்; இணைப்புக்குச் சங்கிலி. கால்வட்டத்தின் விளிம்பு எப்போதும் துளைக்கு நேர் மேலேயே இருப்பதால், கைப்பிடி எப்படி ஆடினாலும் கம்பி நேராக ஏறும். சோலாப்பூர் பம்பையே அடிப்படையாக வைத்துச் செய்த மாதிரிகள், 1970களின் நடுவில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதிக்கப்பட்டன. சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தயாரிப்பில் இறங்கியது. காப்புரிமை என்று யாரும் கேட்கவில்லை. தரக்குறியீட்டுக்குள் நின்றால் எந்தப் பட்டறையும் செய்யலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ரசிக்கலாம். உருளையின் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர். தண்ணீர் 30 மீட்டர் ஆழத்தில் இருந்தால் பிஸ்டன்மீது ஏறும் நீரின் சுமை சுமார் 95 கிலோ. கம்பிகளின் எடையும் சேர்ந்தால் 120ஐத் தொடும். கைப்பிடியின் நீளம் அதை எட்டில் ஒரு பங்காக்குகிறது: 15 கிலோ. கைப்பிடி குழாய் அல்ல, கெட்டி இரும்பு. அதன் எடையும் சுமையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, பள்ளிக்கூடப் பிள்ளை குடத்தை நிரப்பிவிடும். சங்கிலியால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. பிஸ்டன் இறங்குவது கம்பியின் எடையால்தான். ஆழம் குறைந்த கிணற்றில் கம்பி சிறிது, எடை போதாது. அங்கே இந்தப் பம்பு சரிப்படாது.

இதன் பெரிய குறை பழுது பார்ப்பதில் இருந்தது. பிஸ்டனில் உள்ள தோல் வாஷர் தேய்ந்துபோகும். சில ரூபாய்ச் சாமான். அதை மாற்ற, முழுக் குழாயையும் துண்டு துண்டாக வெளியே எடுக்க வேண்டும். அதற்கு வண்டி, தளவாடம், நாலைந்து ஆட்கள். அவர்கள் வரும்வரை பெண்கள் வேறு ஊருக்கு நடந்தார்கள். 1980களில் மீண்டும் கோயம்புத்தூர் பக்கமே சோதனை நடந்து மார்க் 3 பிறந்தது. குழாயை உருளையைவிட அகலமாக்கினார்கள். கம்பியை மட்டும் உருவினால் பிஸ்டன் கையோடு வரும். தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர். என் பார்வையில் மார்க் 2ஐவிட இதுவே நல்ல பொறியியல். தண்ணீர் இறைப்பவரை மட்டுமல்ல, ஸ்பேனர் பிடிக்கப்போகிறவரையும் நினைத்து வரைந்தது அல்லவா! அந்த ஸ்பேனர் யார் கையில் என்பதும் மாறியது. 1990களின் தொடக்கத்தில், உத்தரப் பிரதேசத்தின் பாந்தாவில் மஹிளா சமக்யா திட்டத்தில் சேர்ந்த கிராமத்துப் பெண்கள் பம்பு பழுதுபார்க்கக் கற்றார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள்.

பம்புக்குத் தெரியாத சங்கதிகளும் உண்டு. தண்ணீரில் ஃபுளோரைடு இருந்தால் அதையும் சேர்த்தே தூக்கித் தரும். அமிலத்தன்மை உள்ள நீரில் துத்தநாகம் பூசிய குழாயும் அரித்துப்போகும். நீர்மட்டம் 90 மீட்டருக்கு இறங்கிவிட்டால், அதே கணக்குப்படி கைப்பிடியில் விழும் சுமை 45 கிலோவை நெருங்கும். அப்படி வறண்ட ஊர்களில் அடிபம்பைக் கழற்றிவிட்டு நீர்மூழ்கி மோட்டாரை இறக்கி, பக்கத்தில் பிளாஸ்டிக் தொட்டி வைக்கிறார்கள். மோட்டார் எரிந்தால் காயில் கட்ட டவுனுக்குத்தான் தூக்கிப்போக வேண்டும்.