சிலிண்டரின் கழுத்தில் ஓர் எண்

மருதமுனையில் என் ராத்தா வீட்டுக் குசினியில், நோன்புக் கஞ்சி பாதி வெந்திருக்கும் அஸர் நேரத்தில் அடுப்பின் சுவாலை சிறுத்துவிட்டால், சிலிண்டரைச் சாய்த்து ஆட்டிப் பார்த்து, "இன்னும் கிடக்குது தம்பி" என்று அவர் தீர்ப்புச் சொல்வது நெடுநாளைய வழக்கம். கை சொல்லும் கணக்கு பலமுறை பொய்த்திருக்கிறது. வெற்றுச் சிலிண்டரின் நிறை இன்னதென்று அதன் கழுத்து வளையத்திலேயே பொறிக்கப்பட்டிருக்க, அதனுடன் 12.5 கிலோவைக் கூட்டினால் முழுச் சிலிண்டரின் நிறை வந்துவிடும் என்பதைக் கல்முனைக் கடைகளில் சிலிண்டர் மாற்றுவோரில் எத்தனை பேர் கவனிக்கிறோம்?

அழுத்தத்தை அளந்தால் போதாதோ என்று கேட்கலாம். சமையல் வாயு உள்ளே பெரும்பாலும் திரவ ரூபத்திலேயே இருப்பதால், அதன் அழுத்தம் வெப்பத்தையும் கலவையையும் பொறுத்ததேயன்றி, எஞ்சிய அளவைப் பொறுத்ததன்று. 30 பாகை செல்சியஸில் பியூட்டேனின் ஆவியழுத்தம் ஏறக்குறைய 3 பார். புரொப்பேனுடையதோ 11 பார். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்தபோது இவ்விரண்டின் விகிதாசாரம் பெரும் விவாதப் பொருளானதன் காரணம் இதுவே. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நிற்கும் ஒட்சிசன் சிலிண்டரின் சுபாவம் வேறு. அதிலே திரவம் இல்லையாதலால், 138 பார், அதாவது 2000 பிஎஸ்ஐ காட்டிய முள் 1000க்கு இறங்கினால், பாதி வாயு தீர்ந்ததென்றே பொருள்.

சமையல் வாயுவின் அத்தனை அழுத்தத்தையும் ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபாராகத் தணித்தே அடுப்புக்கு அனுப்புகிறது. டாக்டர் நம் கையில் பட்டி கட்டி அளக்கும் 120 என்ற இரத்த அழுத்தம் 160 மில்லிபார் என்று நினைத்துப் பார்த்தால், அந்தச் சிறிய கருவியின் மகத்துவம் விளங்கும். அதன் ரப்பர்க் குழாயில் வெடிப்பு விழுந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் மாற்றுவது அவசியம்.

அலகுகளின் மயக்கம் பணப்பையையும் தொடும். 2021இல் 18 லீற்றர் என்ற பெயருடன் ஒரு சிலிண்டர் சந்தைக்கு வந்தபோது, 12.5ஐவிட 18 பெரிதல்லவா என்று ஏமாந்தவர் உண்டு. ஆனால் அதிலிருந்த வாயுவின் நிறை 9 கிலோவைச் சற்றே தாண்டியது. லீற்றர் கொள்ளளவைச் சொல்வது, கிலோ நிறையைச் சொல்வது. வாயுவை விலைக்கு விற்பவர் நிறையைத்தான் பெரிய எழுத்தில், வாங்குபவரின் பாஷையில் எழுதவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சென்ற முறை கடையிலேயே தராசில் ஏற்றிப் பார்த்துத்தான் வாங்கி வந்தோம். இப்போது ராத்தா, கழுத்து வளையத்து எண்ணையும் மாற்றிய திகதியையும் குசினிச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருக்கிறார்.