லாரி எஞ்சினில் வால்வு ஸ்பிரிங் முறிவு

ஹைதராபாத்திலிருந்து ஸ்ரீசைலம் செல்லும் பாதை, மன்னனூரைக் கடந்தபின் நல்லமலைக் காட்டினூடே சென்று, கிருஷ்ணா நதியை நோக்கி வளைந்து வளைந்து கீழிறங்குகிறது. சுமையேற்றிய லாரியைத் தாழ்ந்த கியரில் அங்கு இறக்கும்போது எஞ்சின் சக்கரங்களை ஓட்டுவதில்லை. சக்கரங்களே எஞ்சினை ஓட்டுகின்றன. கவர்னர் எரிபொருளைக் குறைக்க வல்லதேயன்றி, இவ்வாறு ஏறும் வேகத்தைத் தடுக்க வல்லதன்று. அவ்வேளையில் கடுஞ்சோதனைக்கு உள்ளாகும் சிறு உறுப்பு வால்வு ஸ்பிரிங் ஆகும். ஆற்றலைக் கூட்டுவதற்காகப் பட்டறையில் மாறுதல் செய்யப்பட்ட எஞ்சினாயின் சோதனை இன்னும் மிகும்.

வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். நிமிடத்துக்கு 2,400 முறை சுழலும் நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் 1,200 முறை திறந்து மூடுகிறது. ஒரு மணியில் இது 72,000 ஆகும். 140 மணி ஓட்டத்தில் ஒரு கோடியைக் கடந்துவிடும். ஒருமுறை அழுத்துவதால் ஒடியாத கம்பி, கோடிமுறை அழுத்துவதால் ஒடிகிறது. இதனை உலோகக் களைப்பு என்பர். இச்சொல்லை எழுதுகையில் கை சற்றுத் தயங்கவே செய்கிறது. மனிதனின் களைப்பு உறங்கினால் தீரும், உலோகத்தின் களைப்போ ஓய்வினால் தீர்வதன்று.

களைப்பினால் நேரும் விரிசல் பெரும்பாலும் கம்பியின் மேற்பரப்பில், ஒரு துருப்புள்ளியிலோ கீறலிலோ தொடங்கும். ஒடிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், தொடக்கப் புள்ளியைச் சூழ்ந்து வழவழப்பான பகுதியும், அதற்கப்பால் சொரசொரப்பான பகுதியும் தெரியக்கூடும். முன்னது மெல்ல மெல்லப் பிளந்தது. பின்னது கடைசியில் ஒரே நொடியில் ஒடிந்தது. எனவே ஒடிந்த துண்டுகளை எறிந்துவிடலாகாது. கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் கூடாது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்தல் நலம்.

மாறுதல் செய்த எஞ்சினில் ஸ்பிரிங்கின் பொறுப்பு எவ்வாறு மிகுகிறது என்பதைக் காண்போம். வேகம் 2,400-இலிருந்து 3,000 ஆனால், வால்வின் நிலைமத்தால் எழும் விசை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. டர்போவின் அழுத்தத்தைச் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ கூட்டினால், 45 மி.மீ. விட்டமுள்ள உட்செலுத்து வால்வின் முதுகில் ஏறத்தாழ 16 கிலோ அதிகமாக அழுத்தி அதைத் திறக்க முயலும். எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்தினாலோ, குழாயில் தேங்கும் புகையின் அழுத்தம் வெளியேற்று வால்வை இருக்கையிலிருந்து தூக்கிவிடக்கூடும். அது மீண்டும் விழுந்து மோதும்.

உடனே கடினமான ஸ்பிரிங்கைப் போடுவதும், அடியில் வாஷர்களை அடுக்குவதும் பட்டறை வழக்கம். இது எப்போதும் மருந்தாகாது. வால்வு முழுதும் திறக்கும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டினால் புஷ் ராடு வளையும். இல்லையேல் கேம் தேயும். மேலும், ஸ்பிரிங்குக்கு இயல்பான அதிர்வு ஒன்றுண்டு. ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளுவதுபோல, கேமின் தட்டல்கள் அதனோடு ஒத்துவிட்டால் சுற்றுகளிடையே அலை எழுந்து கம்பியின் சுமை பெருகும். இதனாலேயே சில எஞ்சின்களில் ஒன்றினுள் ஒன்றாக இரு ஸ்பிரிங்குகளை, எதிரெதிர்த் திசையில் சுற்றியவையாக அமைக்கின்றனர். ஒன்று ஒடிந்தாலும் மற்றது வால்வைத் தாங்கும். சுற்றுகள் ஒன்றில் ஒன்று சிக்குவதுமில்லை. சுற்றுகளின் இடைவெளி சமமற்றதாயின், நெருங்கிய முனை சிலிண்டர் தலைப்பக்கம் இருத்தல் வேண்டும். தலைகீழாக மாட்டிவிடுவது எளிதில் நேரும் பிழை.

ஓட்டத்தில் திடீரெனத் தட்டும் ஒலி எழுந்து ஆற்றலும் குறைந்தால், தாமதமின்றிப் பாதுகாப்பான இடத்தில் லாரியை நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். “அடுத்த ஊர்வரை போய்விடலாம்” என்று ஓட்டினால், வால்வு சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனை நொறுக்கலாம். மலைச்சரிவில் அவ்வாறு நேர்ந்தால் எஞ்சினின் தடுப்பாற்றலும் போய், முழுச் சுமையும் சக்கரப் பிரேக்குகளின்மேல் விழும். அவை சூடேறித் தம் பிடிப்பை இழக்கும்.

ஸ்பிரிங்கை மாற்றுமுன் அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொணர்ந்தால் வால்வு உள்ளே நழுவாது. ஒன்று களைத்து ஒடிந்திருந்தால் அதனோடு ஒரே காலம் உழைத்த மற்றவற்றையும் ஐயுற வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். புதியவற்றின் உயரத்தையும், குறித்த உயரத்துக்கு அழுத்தத் தேவைப்படும் விசையையும் அளந்து, தயாரிப்பாளர் தந்த எண்களோடு ஒப்பிட்ட பின்னரே பொருத்துக.